காட்டைப் பார்க்கப் போவதால் காடு பிழைக்குமா?

ஒரு வாசகர் கேட்டது, ஜூன் 2

சூழல் சுற்றுலா என்றாலே ஏமாற்று வேலை என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அது விளங்கவில்லை. ஆள் வந்தால் காசு வரும், காசு வந்தால் காவல் வரும், காவல் இருந்தால் வேட்டை குறையும். யாருமே போகாத காட்டை யார் காப்பாற்றப் போகிறார்கள்? மலைக் கொரில்லா பிழைத்ததே டிக்கெட் காசில்தானே? மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

ஜூன் 2, இரவு

மறுக்க வரவில்லை. பாதி ஒத்துக்கொள்ளத்தான் வந்தேன்.

கொரில்லா கணக்கு உண்மை. 1980-களின் தொடக்கத்தில், ஆப்பிரிக்காவின் ருவாண்டா, உகாண்டா, காங்கோ எல்லையிலுள்ள விருங்கா மலைத்தொடரில் சுமார் 250 மட்டும் மிச்சம். 2018-இல் விருங்கா, உகாண்டாவின் பிவிண்டி காடு இரண்டையும் சேர்த்து ஆயிரத்தைத் தாண்டியது. அந்த ஆண்டே ‘மிக அருகிய இனம்’ என்ற நிலையிலிருந்து ‘அருகிய இனம்’ என்று ஒரு படி இறக்கினார்கள். ஒரு குழுவைப் பார்க்க ஒரு நாளைக்கு எட்டுப் பேர், ஒரு மணி நேரம். ருவாண்டா 2017-இல் பர்மிட்டை 750 டாலரிலிருந்து ஒரேயடியாக 1,500 டாலர் ஆக்கியது. வருமானத்தில் 10 சதவீதம் பூங்காக்களைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு.

ஆனால் ‘டிக்கெட் காசில் பிழைத்தது’ என்ற சொல்லில் ஒரு குறுக்குவழி இருக்கிறது. 2011-இல் வந்த ஓர் ஆய்வு, மனிதர்களுக்குப் பழக்கிய குழுக்களையும் பழக்காத குழுக்களையும் பிரித்துப் பார்த்தது. பழக்கியவை ஆண்டுக்கு நான்கு சதவீதம் பெருகின, பழக்காதவை மெல்லக் குறைந்தன. காரணம் பயணி இல்லை. தினமும் கூடவே நடக்கும் காவலர், கண்ணி மாட்டினால் அறுத்துவிட்டு மருந்து போடும் கால்நடை மருத்துவர். பயணி அந்தச் சம்பளத்தைக் கொடுக்கிறார், அவ்வளவுதான். சம்பளம் வேறு வழியில் வந்தாலும் கொரில்லா பிழைக்கும். சம்பளம் தராமல் பயணி மட்டும் வந்தால் சளிதான் ஒட்டும். இது விளையாட்டில்லை, மனிதரின் சுவாச நோய்கள் அவற்றைக் கொல்லக்கூடியவை.

ஜூன் 3

என் அனுபவம் ஒன்று. ஊர் பெயர் வேண்டாம்.

விடியற்காலை ஜீப். கைடு கையில் வாக்கி டாக்கி. ஒன்றரை மணி நேரம் மண்ணும் பனியும்தான். எனக்கு அது பிடித்திருந்தது, மற்ற ஐந்து பேருக்கும் பிடிக்கவில்லை. திடீரென்று வாக்கி டாக்கி கரகரத்தது. ஓட்டுநர் வண்டியைத் திருப்பிய வேகத்தில் என் தொலைநோக்கி என் பல்லிலேயே இடித்தது. போய்ச் சேர்ந்தால் ஒரு புதர். புதரைச் சுற்றி எட்டு வண்டி. புதருக்குள் ஒரு சிவிங்கிப்புலி, பக்கத்தில் இரண்டு குட்டி.

பத்து நிமிடம் பார்த்தோம். யாரும் கத்தவில்லை, கீழே இறங்கவில்லை. அது எங்களைச் சட்டையே செய்யவில்லை, கொட்டாவி விட்டது. அன்று இரவு நான் நண்பருக்கு எழுதினேன்: ‘நாம் இருப்பதே அதற்குத் தெரியவில்லை, எவ்வளவு நன்றாக நடத்துகிறார்கள்!’

அந்த வரியை நினைவில் வையுங்கள். பிறகு அதற்கே வருகிறேன்.

ஜூன் 3, கொஞ்ச நேரம் கழித்து

பழைய படங்களைப் பெரிதாக்கி எண்ணிப் பார்த்தேன். எட்டு இல்லை, பதினொன்று. எங்கள் வண்டி படத்தில் வராது, ஆக பன்னிரண்டு.

ஜூன் 5

‘விலங்குகள் பழகிக்கொள்ளும், நகரத்துக் காக்கை பழகவில்லையா’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நானும் அப்படித்தான் நம்பினேன். கொட்டாவி விட்டால் பழகிவிட்டது என்று அர்த்தம், விஷயம் முடிந்தது.

அர்ஜென்டினாவில் பூண்டா டோம்போ என்ற கடற்கரை. மெகல்லன் பெங்குவின்கள் கூட்டம் கூட்டமாக முட்டையிடும் இடம். பயணிகள் நடமாடும் பகுதியில் வளர்ந்த பறவைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஆள் பக்கத்தில் வந்தாலும் பதற்ற ஹார்மோன் ஏறவில்லை. நல்ல செய்தி. அடுத்து, அதே பகுதியில் புதிதாகப் பொரித்த குஞ்சுகளைச் சோதித்தார்கள். ஒதுக்குப்புறத்துக் குஞ்சுகளைவிட அவற்றுக்குப் பதற்றம் அதிகம். தாய் அமைதியாக இருக்கிறது, குஞ்சு உள்ளுக்குள் நடுங்குகிறது.

எக்வடோரின் குயபெனோ காட்டில் ஹோட்சின் என்றொரு பறவை. கூட்டருகே படகு வந்தாலும் பெரிய பறவைகள் சீக்கிரம் பறப்பதில்லை. பயணிகள் வராத ஏரியில் உள்ளவை தூரத்திலேயே பறந்துவிடும். பார்ப்பவர் என்ன சொல்வார்? ‘பழகிவிட்டன’. ஆனால் பயணிகள் வந்த இடத்தில் குஞ்சுகள் கூடுதலாகச் செத்தன.

மூன்றாவதுதான் என்னை உட்கார வைத்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே. டால்பின் பார்க்க ஒரு படகு ஓடிய காலம், இரண்டு படகு ஓடிய காலம் என்று ஒப்பிட்டார்கள். இரண்டாவது படகு வந்த பிறகு அந்தப் பகுதியில் ஏழில் ஒரு டால்பின் குறைந்திருந்தது. 2006-இல் வெளியான ஆய்வு. அங்கேயே தங்கிய டால்பின்களைப் பார்த்தால் படகைக் கண்டு அஞ்சாதவை மாதிரி இருக்கும். ஏன் இராது? அஞ்சியவை போய்விட்டன. மிச்சம் இருப்பதைப் பார்த்து ‘எல்லாம் பழகிவிட்டது’ என்று எழுதுகிறோம். தேர்வில் தேறாதவர்களை வெளியே அனுப்பிவிட்டு நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பலகை மாட்டுகிற பள்ளி போல.

இதில் ஒரு நல்லதும் உண்டு. அந்த ஆய்வைப் பார்த்து அரசு படகு உரிமத்தை ஒன்றாகக் குறைத்தது. எண்ணி, பார்த்து, குறைத்தார்கள். இப்படி நடப்பது அபூர்வம்.

ஜூன் 6

காக்கை கேள்விக்குப் பதில் சொல்ல விட்டுவிட்டேன். காக்கை நம்மை வைத்துப் பிழைக்கிற பறவை, அதை ஹோட்சினோடு சேர்க்கக் கூடாது.

காக்கை மாதிரியே நம்மைப் பயன்படுத்திக்கொள்ளும் காட்டு விலங்கும் உண்டு. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பகுதியில் பெண் மூஸ் மான்கள் குட்டி போடச் சாலையோரம் தேடி வருகின்றன. கரடி சாலைப் பக்கம் வரத் தயங்கும் என்று அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது. நாம் கேமராவோடு நிற்பது அவற்றுக்கு வேலி. ஆனால் மூஸுக்கு வேலி என்றால் கரடிக்குப் பட்டினி. யாருக்கு நல்லது என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது.

ஜூன் 8

‘பசுமை ரிசார்ட்’ என்கிறார்களே, அது நிஜமா என்று கேட்டவருக்கு.

நான் தங்கியதில் மிகவும் ‘பசுமையானது’ என்று பெயர் வாங்கிய இடத்தில் குளியலறையில் ஒரு அட்டை: ‘துண்டை மறுபடி பயன்படுத்தினால் பூமி நன்றி சொல்லும்’. ஜன்னலுக்கு வெளியே டீசல் ஜெனரேட்டர். மரத்தைச் சுற்றி விளக்கு, இரவு முழுக்க. நீச்சல் குளம் வேறு. அந்தக் குளத்துக்குத் தண்ணீர் எடுத்த ஓடையில்தான் விலங்குகளும் தண்ணீர் குடிக்கின்றன என்று மறுநாள் கைடே சொன்னார். பூமி நன்றி சொன்னதா என்று நான் கேட்கவில்லை.

வார்த்தை என்னவோ நல்ல வார்த்தைதான். மெக்சிகோவின் கட்டடக் கலைஞர் ஹெக்டர் செபாயோஸ் லாஸ்குராயின் 1983-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இயற்கையைக் கெடுக்காமல் போவது, அதற்கு உதவுவது, உள்ளூர்க்காரர் வாழ்வு மேம்படுவது என்று பிறகு வந்த வரையறைகள் எல்லாம் அழகாக இருக்கின்றன. 2002-ஐ ஐ.நா. சூழல் சுற்றுலா ஆண்டாகவே அறிவித்தது. ஆனால் பலகையில் அந்தச் சொல்லை எழுத யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. அங்கேதான் எல்லாக் கோளாறும்.

ஜூன் 9

‘கோஸ்டா ரிகாவைப் பாருங்கள்’ என்று நான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள். பார்த்தேன்.

1980-களில் அந்த நாட்டுக் காடு கால்வாசிக்கும் கீழே போயிருந்தது. இன்று பாதிக்கு மேல். பயணிகளும் அதே காலத்தில் பெருகினார்கள். ஆகவே பயணிகள் காட்டைக் கொண்டுவந்தார்கள் என்பது உங்கள் வாதம்.

நடுவில் நடந்தவை: மாட்டிறைச்சி ஏற்றுமதி படுத்தது, மேய்ச்சலுக்குக் காடழிப்பதில் லாபம் போனது. 1996-இல் வனச் சட்டம் வந்தது; காட்டை அழித்து வேறு பயன்பாட்டுக்கு மாற்றவே தடை. எரிபொருள் வரியிலிருந்து காசெடுத்து, மரத்தை வெட்டாமல் வைத்திருக்கும் நில உரிமையாளருக்குக் கொடுத்தார்கள். பயணிகளின் பங்கு இல்லை என்று சொல்ல மாட்டேன், காடு இருந்தால் வருமானம் என்ற எண்ணம் ஊருக்குள் ஊறியது அவர்களால்தான். ஆனால் ஊர் கூடித் தேர் இழுத்த பிறகு, வடத்தைக் கடைசியாகத் தொட்டவன் ‘நான்தான் இழுத்தேன்’ என்று மாலை போட்டுக்கொள்வது சரியில்லை.

அதே நாட்டில் ஓஸ்டியோனல் கடற்கரை. பங்குனி ஆமைகள் ஆயிரக்கணக்கில் ஒரே சமயத்தில் கரையேறும் இடம். 2015 செப்டம்பரில் பார்க்க வந்த கூட்டம் கரையை அடைத்து நின்றது. சிலர் குழந்தைகளை ஆமை முதுகில் உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். பல ஆமைகள் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பின. கரைக்குக் காவல் இருந்தது, கூட்டத்துக்குப் போதவில்லை. ஆமை பல கடல் கடந்து வந்து திரும்பிப் போகிறது, நாம் படத்தோடு வீட்டுக்கு வருகிறோம்.

ஜூன் 12

நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் என் மனம் இன்னும் ஒரு பக்கம் நிற்கவில்லை.

பிலிப்பைன்ஸின் ஓஸ்லோப். 2011 வாக்கில் அங்கே மீனவர்கள் திமிங்கலச் சுறாக்களுக்குக் கூனி இறால் போட்டு, பயணிகளைக் கூட்டிப் போகத் தொடங்கினார்கள். சுறா கையெட்டும் தூரத்தில் வாயைத் திறந்து நிற்கும். தினமும் கூட்டம். வலசை போக வேண்டிய மீன்களில் சில மாதக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுகின்றன. பெரும்பாலானவற்றின் உடலில் படகும் கயிறும் உரசிய தழும்பு. படகைக் கண்டால் தீனி என்று ஒருமுறை கற்றுக்கொண்ட மீன், அடுத்த கடலில் வேறொரு படகை நெருங்கினால் என்ன ஆகும்?

‘மோசம், மூடு’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அந்த மீனவர்களைப் பேட்டி கண்டு எழுதிய ஆய்வைப் படித்தேன். வருமானம் வந்ததும் அவர்கள் மீன் பிடிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள், பிள்ளைகள் படிக்கிறார்கள், பவளப்பாறைக்குக் காவலும் அவர்களே. சுறாவுக்கு நல்லதில்லை, பாறைக்கு நல்லது, மனிதருக்கு மிக நல்லது. மூடச் சொல்ல நான் யார்? அதே நாட்டின் டொன்சோலில் 1998 முதல் தீனி போடாமலே அதே சுறாவைக் காட்டுகிறார்கள். ஆனால் அங்கே சுறா வந்தால்தான் உண்டு. சில பருவம் வருவதே குறைவு. வராத நாளில் மீனவர் வீட்டு அடுப்பு எப்படி எரியும்?

இதற்கு நேர் எதிர் பக்கம் பசிபிக் தீவு நாடான பலாவு. 2009-இல் தன் கடல் முழுவதையும் சுறாக்களின் சரணாலயமாக அறிவித்த முதல் நாடு. 2011-இல் கணக்குப் போட்டார்கள்: முக்குளிக்க வருவோர் பார்க்கும் ஒரு பாறைச் சுறா தன் வாழ்நாளில் சுற்றுலாவுக்கு 19 லட்சம் டாலர் ஈட்டித் தரும், பிடித்து விற்றால் 108 டாலர். அரசியல்வாதிக்குப் புரியும் மொழி இது.

எனக்கும் முதலில் பிடித்திருந்தது. இரண்டாம் முறை படித்தபோதுதான் உறைத்தது. அந்தக் கணக்கு பயணிகள் குதிக்கும் இடங்களில் இருந்த சுமார் நூறு சுறாக்களுக்கானது. யாரும் குதிக்காத ஆழத்தில் திரியும் சுறாவுக்கு இதே கணக்கில் விலை என்ன? பூஜ்யம். புகைப்படத்தில் நன்றாக விழாத தவளை, சேறு, புல்வெளி, வௌவால் எல்லாவற்றுக்கும் பூஜ்யம். ‘சம்பாதித்துக் காட்டினால் வாழலாம்’ என்று ஒரு விலங்கிடம் சொல்ல ஆரம்பித்தால், சம்பாதிக்காததிடம் என்ன சொல்வது?

பலாவுக்காக ஒன்று சொல்லியாக வேண்டும். அவர்கள் விலையோடு நிற்கவில்லை. 2017 முதல் வருகிறவர் பாஸ்போர்ட்டில் ஓர் உறுதிமொழி முத்திரை, அதில் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே. அந்த நாட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் வாக்கு அது. 2020-இலிருந்து பவளத்துக்கு நஞ்சான சன்ஸ்கிரீனுக்குத் தடை.

ஜூன் 12, மறுபடி

‘வௌவாலைப் பார்க்கவும் ஆள் போகிறது’ என்று உடனே ஒரு பதில். போகிறது, ஒத்துக்கொள்கிறேன். சேற்றைப் பார்க்க ஆள் கூட்டி வந்தால் என் வாதத்தை முழுக்க வாபஸ் வாங்குகிறேன்.

ஜூன் 13

நதி முகத்துவாரச் சேற்றில் இறங்கும் வலசைப் பறவைகளைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் போகிறார்கள் என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். நுணலும் தன் வாயால் கெடும். சேறு வாபஸ், மற்றவை நிற்கும்.

ஜூன் 15

கேள்வி கேட்டவர் ‘அப்படியானால் காசு எங்கிருந்து வரும்’ என்கிறார். நல்ல கேள்வி, இதில்தான் நான் உங்கள் பக்கம் அதிகம் சாய்கிறேன்.

2015-இல் ஓர் உலகக் கணிப்பு: பாதுகாக்கப்பட்ட நிலப்பகுதிகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 800 கோடி வருகைகள், அதனால் அந்தந்த நாடுகளில் செலவாகும் பணம் சுமார் 60,000 கோடி டாலர். அந்த இடங்களைக் காக்கச் செலவழிப்பது 1,000 கோடி டாலருக்கும் குறைவு. பணம் வருகிறது, காட்டைத் தாண்டி வேறெங்கோ போகிறது. விமானம், ஓட்டல், தரகர். மாடு பால் தருகிறது, மாட்டுக்குத் தீவனம் போட மட்டும் ஆள் இல்லை.

பிறகு கொரோனா. 2020-இல் ஒரே மாதத்தில் வாசல்கள் மூடின, சம்பளம் நின்றது. அந்த ஜூனில் உகாண்டாவின் பிவிண்டியில் ரஃபிகி என்ற பெரிய ஆண் கொரில்லாவைக் கொன்றுவிட்டார்கள். பயணிகளுக்குப் பழகிய குழுவின் தலைவன். கொன்றவர் வந்தது சிறு விலங்குகளைப் பிடிக்க, கொரில்லாவுக்காக இல்லை. பதினோரு ஆண்டு தண்டனை. ஒற்றைத் தூணில் கூரை போட்டால் தூண் ஆடும்போது என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறென்ன சொல்ல.

நமீபியாவில் 1996 சட்டத்துக்குப் பிறகு ஊர்ச் சமூகங்களே காட்டு விலங்குகள் மீது உரிமை வைத்து நடத்தும் காப்பகங்கள் வந்தன. நாட்டின் ஐந்தில் ஒரு பங்கு நிலம் இப்போது அவற்றில். பயணிகள் விடுதி, கட்டணம் வாங்கி அனுமதிக்கும் வேட்டை என்று இரண்டிலிருந்தும் வருமானம். வேட்டை என்று எழுதியதும் இங்கே சண்டை வரும், தெரியும். பயணிகள் போக விரும்பாத, பார்க்க ஒன்றுமில்லாத வறண்ட பகுதிகளுக்கு அந்தக் காசுதான். பிடிக்கவில்லை என்றாலும் மறைத்து எழுத மாட்டேன்.

ஜூன் 18

இதுவரை விலங்கைப் பற்றியே பேசியிருக்கிறேன். மேலே படித்துப் பார்த்தால் மனிதர்கள் மீனவர் வடிவில் ஓரமாக வந்து போகிறார்கள்.

அந்தப் பிவிண்டி 1991-இல் தேசியப் பூங்கா ஆனது. அதுவரை அந்தக் காட்டில் இருந்த பட்வா மக்களை வெளியேற்றினார்கள். இழப்பீடு இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தேன் எடுத்த காட்டுக்கு அவர்கள் ‘அத்துமீறி நுழைபவர்’ ஆனார்கள். இன்று பயணிகளுக்காக அவர்கள் ஆடிக் காட்டுகிறார்கள், ‘நாங்கள் இப்படித்தான் வாழ்ந்தோம்’ என்று காட்டின் விளிம்பில் நின்று நடித்துக் காட்டுகிறார்கள். ஜூன் 2 அன்று நான் பெருமையாக எழுதிய கொரில்லாக் கணக்கில் இந்தக் கணக்கைச் சேர்க்கவில்லை. சேர்த்துப் படியுங்கள்.

ஒரு காட்டில் எங்களைக் கூட்டிப்போன கைடு முன்பு வேட்டைக்காரர். அவரே சொன்னார், வெட்கமில்லாமல், கொஞ்சம் பெருமையோடும். காலடித் தடத்தைப் பார்த்து ‘இது இடது பின்னங்கால், நொண்டுகிறது, நேற்று ராத்திரி’ என்பார். படித்த கைடுகளுக்கு அது வராது. ‘இப்போ ஏன் வேட்டை இல்லை’ என்று கேட்டேன். ‘அப்போ ராத்திரி முழுக்க அலையணும், மாட்டினா அடி. இப்போ பகல்ல நடக்கிறேன், சம்பளம். சம்பளம் ஒழுங்கா வர்ற வரைக்கும் இதுதான்’ என்றார். ‘வர்ற வரைக்கும்’ என்பதை அழுத்திச் சொன்னார். நாங்கள் கொடுத்த கட்டணத்தில் அவருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டேன். சிரித்துவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

நியூசிலாந்தின் கைக்கோராவில் பூர்வகுடி மாவோரி குடும்பங்கள் சில தங்கள் வீடுகளை அடமானம் வைத்து 1987-இல் திமிங்கலம் பார்க்கும் படகுத் தொழில் தொடங்கின. இன்றும் அவர்கள் கையில். திமிங்கலம் தென்படாவிட்டால் கட்டணத்தில் 80 சதவீதம் திருப்பித் தருவார்கள். எனக்கு அதில் பிடித்தது தள்ளுபடி இல்லை. காட்டியே தீர வேண்டும் என்று விலங்கைத் துரத்தாமல், கடலுக்கு ‘இன்று இல்லை’ என்று சொல்லும் உரிமையை விட்டுவைத்திருக்கிறார்கள்.

ஜூன் 21

மேலே எழுதியதையே இரண்டு நாளாக மென்றுகொண்டிருக்கிறேன். ‘இல்லை’ என்று சொல்லும் உரிமை. நல்லதா கெட்டதா என்று நாம் முட்டிக்கொண்டிருப்பது தப்பான இடத்தில் என்று இப்போது படுகிறது. வாசலை மூடும் அதிகாரம் யாரிடம், மூடினால் அவர் பட்டினி கிடப்பாரா, இந்த இரண்டைக் கேட்டால் பாதி இடங்களைப் பிரித்துவிடலாம்.

தாய்லாந்தின் மாயா பே. ஒரு ஹாலிவுட் படத்தால் பிரபலமான சிறு குடா. ஒரு கட்டத்தில் நாளைக்கு 5,000 பேர் வரை. 2018 ஜூனில் நான்கு மாதத்துக்கு என்று மூடினார்கள். நான்கு மாதத்தில் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும், வியாபாரிகள் கூச்சல் போட்டும், திறக்கவில்லை. 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இதற்குள் கருந்துடுப்புச் சுறாக்கள் ஆழமற்ற நீருக்குத் திரும்பிவிட்டன. இப்போது படகு முன்பக்கம் வர முடியாது, தீவின் பின்னால் இறங்கி நடந்து வர வேண்டும், ஒரு சமயத்தில் 375 பேர், நீச்சல் இல்லை, ஆண்டுதோறும் இரண்டு மாதம் மறுபடி மூடல். மூடுவதால் நாடு படுத்துவிடாது, வேறு கடற்கரைகள் இருந்தன. ஓஸ்லோப் மீனவருக்கு அந்த வசதி இல்லை. வித்தியாசம் சுறாவில் இல்லை, மனிதரின் கையிருப்பில்.

2012-இல் இந்திய உச்ச நீதிமன்றம் புலிக் காப்பகங்களின் மையப் பகுதிகளில் சுற்றுலாவை நிறுத்தியது. ஜூலையில் தடை, அக்டோபரில் புதிய விதிகளோடு தளர்த்தல். மூன்று மாதம்கூடத் தாங்க முடியவில்லை என்பதே ஒரு தகவல்தான்.

ஜூன் 22

ஜூன் 3 குறிப்புக்கு வருகிறேன் என்றேனே.

கென்யாவின் மசாய் மாரா பகுதியில் சிவிங்கிப்புலிகளைப் பற்றி 2018-இல் ஓர் ஆய்வு வெளியானது. பயணிகள் குறைவாக வரும் பகுதியில் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 2.3 குட்டிகள் பெரிதாகித் தனியே போகின்றன. பயணிகள் அதிகம் வரும் பகுதியில் 0.2. வண்டி மோதிச் சாவதில்லை. சுற்றி வண்டி நின்றால் தாயால் சரியாக வேட்டையாட முடிவதில்லை, பிடித்த இரையையும் இழக்கிறது என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

நான் பார்த்தது மாராவில் இல்லை, வேறு இடம். ஆனாலும் பன்னிரண்டு வண்டி. இரண்டு குட்டி. கொட்டாவி. பூனை இனத்துக்குக் கொட்டாவி சில சமயம் பதற்றத்தின் அடையாளம் என்பது எனக்கு அப்போது தெரியாது. ‘நாம் இருப்பதே அதற்குத் தெரியவில்லை’ என்று எழுதினேன் பாருங்கள். தெரியாமலா இருந்திருக்கும்? போக வழி இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

அந்த நண்பருக்கு இன்று மறுபடி எழுதினேன். பதில் இல்லை, தூங்கியிருப்பார்.

ஜூன் 23

‘சரியான தூரத்தில் நின்றால் போதுமே, கொரில்லாவுக்கு விதி இருக்கிறதே’ என்று ஒருவர். விதி ஏழு மீட்டர், கொரோனாவுக்குப் பிறகு பத்து. பயணிகள் தாங்களே இன்ஸ்டாகிராமில் ஏற்றிய 858 படங்களை ஆராய்ந்தார்கள், 86 சதவீதத்தில் நான்கு மீட்டருக்குள். குற்றத்துக்குச் சாட்சியாகக் குற்றவாளியே படம் எடுத்து, கீழே இதயமும் போட்டிருக்கிறார்.

ஜூன் 27

அண்டார்டிகா போகும் ஆசையைப் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார், இங்கேயே சொல்கிறேன். விதிகள் கறாரானவை. 500-க்கு மேல் பயணிகள் உள்ள கப்பல் யாரையும் கரையிறக்கக் கூடாது, ஒரு இடத்தில் ஒரே சமயத்தில் நூறு பேர்தான், பூட்ஸைக் கழுவியே இறங்க வேண்டும். பூட்ஸ் சுத்தம். கப்பல் புகைபோக்கி? 2022-இல் வந்த கணக்குப்படி, ஒரு பயணியின் வருகையால் படியும் புகைக்கரி சுமார் 83 டன் பனியை முன்கூட்டியே உருக்குகிறது. 2022-23 பருவத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் போனார்கள். ‘உருகுவதற்குள் பார்த்துவிட வேண்டும்’ என்று விளம்பரம் வேறு.

நீண்ட விமானப் பயணம் எல்லாவற்றுக்கும் இதே சங்கடம். நானும் பறந்தவன்தான், உபதேசம் செய்யும் யோக்கியதை எனக்கு இல்லை. குறைத்திருக்கிறேன், நிறுத்தவில்லை.

ஜூலை 4

கேள்வி கேட்டவர் நேரடியாகக் கேட்டுவிட்டார்: ‘இவ்வளவு பேசினீர்களே, நான் போகலாமா வேண்டாமா?’

போங்கள். யாருமே போகாவிட்டால் சுரங்கக்காரர் போவார், அதையும் பார்த்திருக்கிறோம். போகுமுன் போன் செய்து இரண்டு கேள்வி கேளுங்கள்: எப்போதெல்லாம் மூடியிருப்பீர்கள், கைடு எந்த ஊர்க்காரர். ‘வருடம் முழுக்கத் திறந்திருக்கும், விலங்கு கட்டாயம் காட்டுவோம்’ என்றால் போனை வைத்துவிடுங்கள். இரண்டு மாதம் மூடல் என்று சலிப்போடு சொன்னால் அங்கே போகலாம். குளியலறைத் துண்டு அட்டையை நம்ப வேண்டாம்.

உங்கள் முதல் கேள்வியில் ‘ஆள் வந்தால் காசு வரும், காசு வந்தால் காவல் வரும்’ என்று எழுதியிருந்தீர்கள். முதல் பாதி தானாக நடக்கும். இரண்டாவது பாதிக்கு யாராவது சண்டை போட்டால்தான் உண்டு.

ஜூலை 4, இரவு

சுரங்கக்காரர் வாக்கியம் மிரட்டல் மாதிரி இருக்கிறது என்று மனைவி சொல்கிறாள். இருக்கட்டும், அது நிஜம்.

ஜூலை 11

நானே போன் செய்தேன். ஆமை கரையேறும் ஒரு கடற்கரை, உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து நடத்துவது. இரவு நடை, பத்துப் பேர், டார்ச் கூடாது, செல்போன் வாசலிலேயே. எடுத்தவர் குரலில் விற்கும் ஆசையே இல்லை.

‘ஆமை நிறைய ஏறுற ராத்திரி உங்களை உள்ளே விட மாட்டோம்’ என்றார்.

அதைப் பார்க்கத்தானே வருகிறோம் என்றேன்.

‘கொஞ்சமா ஏறுற ராத்திரி வாங்க. முன்பணம் திரும்பாது.’

பணம் அனுப்பிவிட்டேன். பார்த்தால் எழுதுகிறேன்.